திரும்பி வரும் வழிச்செலவு

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்திய இரவில் பெங்களூர் சாந்திநகர்ப் பேருந்து நிலையத்தைப் பார்த்தவர்கள் அக்காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் குழந்தை, மடியில் முடிந்து வைத்த பணம் என்று ஒரு பெருங்கூட்டம் நிற்கும். சேலத்துக்கு வண்டி எது, தருமபுரிக்கு வண்டி எது, திருவண்ணாமலைக்கு வண்டி எது என்று தேடும் கூட்டம் அது. அரசுப் பேருந்தில் இடம் கிடைத்தவர் பேறு பெற்றவர். கிடைக்காதவர் தனியார் வண்டியை நாடுவார். அங்கே மற்ற நாளில் கேட்கும் கட்டணம் ஒன்று. பண்டிகை நாளில் கேட்கும் கட்டணம் வேறொன்று. "போவதற்கே இவ்வளவு கொடுத்துவிட்டால், திரும்பி வர என்ன செய்வது?" என்று கணவனும் மனைவியும் மெல்லிய குரலில் கணக்குப் பார்ப்பதை நாம் கேட்டிருக்கிறோம். நாமும் அந்தக் கணக்கைப் பலமுறை பார்த்தவர்களே.

அந்தக் கணக்கைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம். அதன் முழு உருவத்தைக் காண வேண்டுமானால், பேருந்தும் ரயிலும் செல்லாத இடத்திற்குப் போய்ப் பார்ப்பது நலம். ஆகவே, பசிபிக் மாக்கடலில் சிதறிக் கிடக்கும் சிறு தீவுகளுக்குச் சற்று நேரம் சென்று வருவோம். அங்கே வழிச்செலவு என்பது என்ன, காசு என்பது என்ன என்று பார்ப்போம். அத்தீவுகளுள் ஒன்றில் நமக்கு உறவினரும் உண்டு.

முதலில் யாப் என்னும் தீவு. பிலிப்பைன் நாட்டிற்குக் கிழக்கே, மைக்ரோனீசியா என்ற தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தது அது. அங்கே பழங்காலம் தொட்டுக் கல்லே பணமாக விளங்கியது. திரிகைக் கல்லைப் போல் வட்டமாகச் செதுக்கி, நடுவில் துளையிட்ட சுண்ணாம்புக் கற்கள் அவை. சிறியவை உள்ளங்கையில் அடங்கும். பெரியவை ஓர் ஆளைவிட உயரமானவை; டன் கணக்கில் எடையுள்ளவை. அத்தகைய கல் யாப் தீவில் விளைவதில்லை. 400 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள பலாவு தீவுகளுக்கு ஓடங்களில் சென்று, அங்குள்ள தலைவர்களின் இசைவைப் பெற்று, பாறையை வெட்டிச் செதுக்கி, மீண்டும் அக்கடலையெல்லாம் கடந்து கொண்டுவர வேண்டும். நடுத்துளையில் மரக்கழியைக் கோத்துப் பலர் சேர்ந்து சுமப்பார்கள்.

ஒரு கல்லின் மதிப்பை அத்தீவினர் அதன் பருமனை மட்டும் கொண்டு கணக்கிடவில்லை. அதைக் கொண்டுவர எத்தனை பேர் உழைத்தனர், கடலில் என்ன இடர் நேர்ந்தது, எவரேனும் உயிர் துறந்தனரா என்பவற்றையும் சேர்த்தே மதித்தனர். 1871 ஆம் ஆண்டையொட்டி டேவிட் ஓக்கீஃப் என்ற மாலுமி அத்தீவுக்கு வந்து சேர்ந்தான். அவன் தன் கப்பலையும் இரும்புக் கருவிகளையும் கொடுத்துக் கல் கொண்டுவர உதவினான். அதற்கு ஈடாகத் தேங்காய்க் கொப்பரையைப் பெற்று வாணிகம் செய்தான். கற்கள் பெருகின, உருவத்திலும் பெரியவை ஆயின. ஆயினும் தீவினர் அவற்றைப் பழைய கற்களுக்கு ஒப்பாகக் கருதவில்லை. வழியின் அருமை குறைந்தது. அதனோடு கல்லின் பெருமையும் குறைந்தது.

அத்தீவைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. வில்லியம் ஃபர்னெஸ் என்ற அமெரிக்கர் 1910 இல் வெளியிட்ட நூலில் அதனை எழுதியிருக்கிறார். ஒரு குடும்பத்தின் முன்னோர் மிகப் பெரிய கல் ஒன்றைக் கொண்டுவரும்போது புயல் வந்தது. உயிர் பிழைக்க வேண்டிக் கல்லைக் கட்டிய தெப்பத்தை அறுத்துவிட்டனர். கல் கடலடியில் போய்ச் சேர்ந்தது. கரை சேர்ந்தவர்கள் அனைவரும் அக்கல்லின் அளவையும் அழகையும் பற்றிச் சான்று கூறினர். ஊரார் ஏற்றுக்கொண்டனர். கண்ணால் காண முடியாத அந்தக் கல்லை உடைமையாகக் கொண்டே அக்குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் செல்வக் குடும்பம் என்று பெயர் பெற்றது. கேட்பவர் நகைக்கலாம். ஆனால் நம் வங்கிப் புத்தகத்தில் எழுதியிருக்கும் தொகையையும் நாம் கண்ணால் கண்டதில்லை. எழுதியவர் மேலும், எழுத்தை ஏற்கும் ஊரார் மேலும் உள்ள நம்பிக்கையே நம் பணமும் ஆகும்.

இது பழங்கதை. இன்று அத்தீவுகளுக்குச் செல்பவர் எந்தப் பணத்தைக் கையில் கொண்டுபோக வேண்டும்? யாப் அடங்கிய மைக்ரோனீசியாவிலும், பலாவிலும், மார்ஷல் தீவுகளிலும் அமெரிக்க டாலர் வழங்குகிறது. கிரிபாட்டி, துவாலு, நவ்ரு ஆகிய நாடுகளில் ஆஸ்திரேலிய டாலர் செல்லும். நியூவே, டோக்கெலாவ் ஆகியவற்றில் நியூசிலாந்து டாலர். தாஹித்தியிலும் நியூ கலிடோனியாவிலும் பசிபிக் பிராங்க். ஆயிரம் பிராங்க் 8.38 யூரோவுக்குச் சமம் என்று அறுதியாகக் கட்டப்பட்டது அது. டோங்காவுக்கும் சமோவாவுக்கும் 1967 முதலும், பீஜிக்கு 1969 முதலும் சொந்த நாணயம் உண்டு. நம் ரூபாயை மாற்றித் தருவார் அங்கே அரியர். இந்தியாவிலிருந்து செல்பவர் பெரும்பாலான நாடுகளுக்கு ஒருமுறைக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்புவரை அயல்நாட்டு நோட்டும் நாணயமுமாக எடுத்துச் செல்லலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கையிருப்பு அங்கே எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு ஒரு சான்று போதும். துவாலு நாட்டில் பணம் எடுக்கும் இயந்திரம் முதன்முதலாக நிறுவப்பட்டது 2025 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில்தான். அதுவரை அந்நாட்டில் வங்கியின் வாயிலில் நின்று நோட்டாகப் பெற்றால்தான் பணம்.

செல்லும் செலவோ மிகப் பெரிது. கிரிபாட்டி நாட்டின் 33 தீவுகளும் சேர்ந்து 811 சதுர கிலோமீட்டர் நிலமே. நம் பெங்களூர் மாநகரைவிடச் சற்றே பெரியது. அந்த நிலமோ இந்தியா முழுவதையும் அடக்கக்கூடிய கடற்பரப்பில் சிதறிக் கிடக்கிறது. தலைநகரான தராவாவிலிருந்து அதே நாட்டின் கிறிஸ்துமஸ் தீவுக்கு 3,000 கிலோமீட்டருக்கு மேல். பெங்களூரிலிருந்து தில்லி செல்லும் தொலைவில் ஒன்றரை மடங்குக்கும் கூடுதல் அது. டோக்கெலாவில் விமான நிலையமே இல்லை. சமோவாவின் ஆப்பியா துறைமுகத்திலிருந்து கப்பலில் ஒரு நாளுக்கு மேல் செல்ல வேண்டும். ஐம்பது பேர்கூட இல்லாத பிட்கெய்ர்ன் தீவிலும் அதே நிலைதான். கப்பலைத் தவறவிட்டவர் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நாளுக்கெல்லாம் சோறும் கூரையும் வேண்டும். இந்தக் காத்திருப்பின் செலவு கட்டணப் பட்டியல் எதிலும் அச்சாகியிராது.

கட்டணம் ஏன் உயர்ந்து நிற்கிறது என்பது விளங்காத செய்தி அன்று. பயணிகள் சிலர்; வழி நெடியது; எரிபொருளையும் கப்பலில் வந்தே நிரப்ப வேண்டும்; போட்டி போடும் கம்பெனி இல்லை. ஒரே வண்டி ஓடும் ஊரில் வண்டிக்காரன் சொன்னதே கூலி. பணம் அனுப்புவதற்கும் இதே விதி பொருந்துகிறது. டோங்கா நாட்டவர் பலர் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் உழைத்து வீட்டுக்கு அனுப்பும் பணம், அந்நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை விஞ்சுகிறது. ஆனால் பசிபிக் தீவுகளுக்குப் பணம் அனுப்பும் கட்டணம் உலகில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. அனுப்பும் தொகையில் மூன்று விழுக்காட்டுக்கு மேல் கட்டணம் போகாத நிலையை 2030 க்குள் எய்த வேண்டும் என்று உலக நாடுகள் ஐக்கிய நாடுகள் சபையில் குறிக்கோள் வகுத்துள்ளன. தொலைவில் உள்ளவன் ஈட்டுவதில் ஒரு பகுதி வழியிலேயே கரைந்துபோவது பழைய துன்பம்.

அத்துன்பத்தை நம்மவரும் நுகர்ந்திருக்கின்றனர். அன்பர்களே, இனிப் பீஜித் தீவுக்கு வருவோம்.

1879 ஆம் ஆண்டு மே 14 ஆம் நாள் 'லியோனிடாஸ்' என்னும் கப்பல், கல்கத்தாவில் ஏற்றிய ஒப்பந்தக் கூலிகளுடன் பீஜியை அடைந்தது. அதுமுதல் 1916 வரை 42 கப்பல்கள் 87 முறை சென்று, ஏறத்தாழ 61,000 இந்தியரை அங்கே இறக்கின. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. அவ்வழியே சென்றவர் ஏறத்தாழ 15,000 பேர்; தமிழர், தெலுங்கர், மலையாளிகள் எல்லாரும் அதில் அடக்கம். அவர்களுள் வட ஆர்க்காட்டு மாவட்டத்தார் மிகுதி.

இந்தப் பெயர் நம் செவிக்கு அயலானது அன்று. பெங்களூர்த் தண்டுக்குக் கூலிகளாகவும் தச்சர்களாகவும் சமையற்காரர்களாகவும் வந்து, அல்சூரிலும் சிவாஜி நகரிலும் வேரூன்றிய குடும்பங்களில் எத்தனையோ வட ஆர்க்காட்டைச் சேர்ந்தவை. 1864 இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டுக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம் நாட்டை வாட்டியது. அதற்குப் பின் வந்த தலைமுறையில், வயிற்றுக்காக ஊரை விட்டவர்களுக்கு ஜோலார்பேட்டையில் இரண்டு திசைகள் இருந்தன. மேற்கே சென்ற ரயில் பெங்களூருக்கு வந்தது. கிழக்கே சென்ற ரயில் சென்னைக்குச் சென்றது. அங்கே கப்பல் காத்திருந்தது. மேற்கே வந்தவரின் பேரர்கள் நாம். கிழக்கே சென்றவரின் பேரர்கள் பீஜியில் இருக்கின்றனர். இவ்விருவரையும் வேறுபடுத்திய பல செய்திகளுள் தலையாயது திரும்பி வரும் செலவே என்று நாம் கருதுகிறோம்.

போகும் செலவுக்கு அவர்கள் ஒரு காசும் கொடுக்கவில்லை. ஆள்பிடிகாரன் சோறிட்டான், டிப்போவில் துணி கொடுத்தனர், கப்பலிலும் இடம் கொடுத்தனர். ஏறத்தாழ ஒரு மாதம் கடலில் சென்றால் பீஜி. கையொப்பமிட்ட அல்லது கைநாட்டு வைத்த ஒப்பந்தத்தில் எல்லாம் எழுதியிருந்தது. 'அக்ரிமெண்ட்' என்ற அச்சொல்லே மக்கள் வாயில் 'கிர்மிட்' என்று திரிந்தது. அந்த ஒப்பந்தத்தில் எழுதிய எண்களைக் கொண்டு நாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஐந்தாண்டு உழைக்க வேண்டும். திங்கள் முதல் வெள்ளிவரை முழு நாள். சனிக்கிழமை அரை நாள். ஒரு நாளைக்குரிய வேலைப் பங்கை முடித்த ஆணுக்கு ஒரு ஷில்லிங். பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ். நம் கணக்கில் பன்னிரண்டு அணா என்றும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தனர். ஆகவே, ஒரு நாளும் தவறாமல், ஒரு பங்கும் குறையாமல் உழைத்தவன் வாரத்துக்கு ஐந்தரை ஷில்லிங், அதாவது 66 பென்ஸ் பெறுவான். முதல் ஆறு மாதம் முதலாளி உணவுப்பொருள் அளப்பார். அதற்கு நாள் ஒன்றுக்கு நான்கு பென்ஸ் பிடித்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை கூலி இல்லை. ஆனால் வயிற்றுக்கு ஞாயிறு உண்டோ? ஏழு நாளுக்கும் 28 பென்ஸ் போயிற்று. ஆணுக்கு எஞ்சுவது 38 பென்ஸ். பெண்ணின் வாரக் கூலியோ நாற்பத்தொன்பதரை பென்ஸ். உணவு போக அவளுக்கு எஞ்சுவது இருபத்தொன்றரை. இவ்வளவும் குறைவின்றி உழைத்தால். காய்ச்சல் வந்தால் கூலி இல்லை. பங்கு முடியாவிட்டால் கூலி இல்லை; அதோடு நீதிமன்றத்தில் நிறுத்தி அபராதம் விதிக்கவும் சட்டம் இடம் கொடுத்தது. ஆண்டு முழுவதும் ஒரு நாளும் பிசகாதவனுக்கும் உணவுச் செலவுக்கு முன் வரும் மொத்தக் கூலி 214 ரூபாய் எட்டணாவே.

இப்போது திரும்பி வரும் வழியைப் பாருங்கள். ஐந்தாண்டு முடிந்தவர் ஊர் திரும்பலாம். ஆனால் சொந்தச் செலவில். பத்தாண்டு அத்தீவில் தங்கியவருக்குக் கப்பற்கூலி இலவசம். அதையும் பத்தாண்டு முடிந்த இரண்டு ஆண்டுக்குள் கேட்டுப் பெற வேண்டும். இந்த இரண்டு வரியில் ஒரு மனிதனுடைய வாழ்க்கை முழுவதும் அடங்கிவிட்டது. பத்தடி நீளமும் ஏழடி அகலமும் உள்ள லயத்து அறையில் வாழ்ந்து, மேற்சொன்ன கூலியில் மிச்சம் பிடித்து, ஐந்தாம் ஆண்டின் முடிவில் குடும்பத்தோடு கடல் கடக்கும் கூலியைக் கட்டவல்லவர் எத்தனை பேர்? மற்றவர் இன்னும் ஐந்தாண்டு தங்கினர். தங்கும் காலத்தில் சும்மா இருக்க முடியுமோ? சிறிது நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தனர், பசு வாங்கினர், பிள்ளைகள் பிறந்து ஓடி விளையாடின. இலவசக் கப்பல் வரும் ஆண்டில் கரும்பு வயலில் நின்றுகொண்டிருந்தது. சென்ற இந்தியர் அனைவருள்ளும் ஐந்தில் இரண்டு பங்கினரே திரும்பினர். மூன்று பங்கினர் தங்கிவிட்டனர். தங்கியவர் எல்லாரும் விரும்பாமல் தங்கினர் என்று சொல்வதற்கில்லை. புதிய நிலத்தில் புதிய வாழ்வு கண்டவர் பலர். ஆனால் தங்குவதா திரும்புவதா என்று ஆராய்ந்து முடிவு செய்யும் உரிமை, கூலியைக் கையில் வைத்திருந்தவனுக்கே முழுமையாக இருந்தது.

திரும்பியவர் கதையும் இன்பக் கதை அன்று. 1920 ஐ ஒட்டிய ஆண்டுகளில் பீஜி முதலிய நாடுகளிலிருந்து மீண்டவர்கள் பலர் கல்கத்தாவின் மட்டியாபுர்ஜ் பகுதியில் வழி தெரியாமல் நின்றனர். ஊரில் சிலரைச் சாதியார் ஏற்கவில்லை. சிலருடைய நிலம் கை மாறியிருந்தது. மீண்டும் தீவுக்கே அனுப்புங்கள் என்று கேட்டவரும் உண்டு. போகும் வழி மட்டும் இருந்து, திரும்பும் வழி காலத்தில் கிடைக்காமற் போனால், பிறகு வழி திறந்தாலும் அது பழைய ஊருக்குப் போய்ச் சேர்வதில்லை.

அக்கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதியார் உருகிப் பாடியதைத் தமிழர் அறிவர். 1915 இல் சி. எஃப். ஆண்ட்ரூஸும் பியர்சனும் பீஜிக்கு நேரே சென்று பார்த்து அறிக்கை எழுதினர். நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. 1916 ஆம் ஆண்டுடன் ஒப்பந்தக் கப்பல்கள் நின்றன. 1920 ஜனவரி முதல் நாளோடு எஞ்சிய ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டன.

தங்கியவர் என்ன செய்தனர்? இதுவே நாம் பெருமையோடு நினைவுகூர வேண்டிய பகுதி. ஊர் திரும்பும் செலவுக்கென்று முடிந்து வைத்த காசு வேறு வழியில் பயன்பட்டது. 1926 இல் சாது குப்புசாமி என்பவர் முன்னின்று நாண்டி நகரில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தைத் தோற்றுவித்தார். கரும்பு விற்ற காசில் உழவர்கள் கொடுத்த நன்கொடையால் பள்ளிகள் எழுந்தன. தமிழும் தெலுங்கும் கற்பிக்கப்பட்டன. 1930 களின் இறுதியில் இராமகிருஷ்ண மடத்துத் துறவிகள் தாய்நாட்டிலிருந்து சென்று அப்பணிக்குத் துணை நின்றனர். அச்சங்கத்தின் பள்ளிகள் இன்றும் நடைபெறுகின்றன. செவிலியர் கல்லூரியும் ஒன்று உண்டு. அங்கே பயிலும் பிள்ளைகளுள் பீஜியின் பழங்குடி மக்களும் இருக்கின்றனர். நாண்டியிலுள்ள சிவசுப்பிரமணியர் கோயில் 1994 இல் திராவிட முறைக் கோபுரத்தோடு புதிதாக எழுந்தது. ஊருக்குப் போக முடியாதவர்கள் ஊரைத் தம்மிடம் வரவழைத்துக்கொண்டனர்.

ஆயினும் காலம் அவர்களை மீண்டும் கட்டணக் கணக்குப் போட வைத்தது. 1987 இல் பீஜியில் படைத்தலைவர்கள் ஆட்சியைக் கைப்பற்றினர். அவ்வாண்டிலேயே பீஜி டாலரின் மதிப்பு இருமுறை குறைக்கப்பட்டது. ஒரே இரவில், அயல்நாட்டுப் பயணச்சீட்டு எட்டாத விலைக்கு ஏறிற்று. பிறகு 1997 முதல் முப்பதாண்டுக் குத்தகைகள் முடியத் தொடங்கின. நிலம் உரியவரிடம் திரும்பிற்று. கரும்பு வயலையே நம்பியிருந்தவர் இடம் பெயர்ந்தனர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று பலர் கப்பலுக்குப் பதில் விமானம் ஏறினர். 1986 கணக்கெடுப்பில் நாட்டின் மக்களில் பாதிக்குச் சற்றே குறைவாக இருந்த இந்திய வழியினர், 2007 இல் 37 விழுக்காட்டளவாயினர். கையில் கட்டணம் உள்ளவர் முதலில் சென்றனர். இல்லாதவர் இருந்த இடத்தில் இருந்தனர். நூறாண்டுக்குப் பின்னும் அதே கணக்குத்தான்.

இனி நாம் ஊர் திரும்புவோம்.

பெங்களூரிலிருந்து ஜோலார்பேட்டைக்கு இரண்டு மூன்று மணி நேர ரயில் பயணம். சாதாரண வகுப்புக் கட்டணம் ஒரு நாள் கூலியில் சிறு பகுதி. ஊருக்குப் பணம் அனுப்புவதும் எளிதாயிற்று. மணியார்டர் அனுப்பிய நாளில் 20 ரூபாய்க்கு ஒரு ரூபாய், அதாவது நூற்றுக்கு ஐந்து, தபால் கட்டணமாகப் போயிற்று. தபால்காரர் வாசலில் நின்று அதை எண்ணிக் கொடுத்தார். இன்று கைபேசியில் விரல் வைத்த மறுகணமே தாயின் கணக்கில் பணம் சேர்கிறது, கட்டணமும் இல்லை. டோங்காத் தொழிலாளி கேட்டால் வியந்து நிற்பான். இந்த நன்மையை நாம் குறைத்து மதிக்கக் கூடாது.

எனினும், நம்மைச் சுற்றிப் பார்ப்போம். கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் முன்பணம் கொடுத்து, வழிச்செலவும் கொடுத்து, குடும்பத்தோடு ஆட்களை அழைத்துவரும் மேஸ்திரிகள் இன்றும் உள்ளனர். அழைத்துவந்த செலவு கூலியில் கழிகிறது. முன்பணம் தீரும்வரை ஊருக்குப் போவதெப்படி? தமிழர் மட்டும் அல்லர். பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் இந்நகருக்கு வந்தவர் நிலையும் இதுவே. 2020 ஆம் ஆண்டில் தொற்றுநோயால் வேலை நின்றபோது இந்நகரின் வீதிகளில் நாம் கண்டோமே! ரயிலுக்குக் காசு யார் கொடுப்பது என்று பெரியவர்கள் வாதிட்டுக்கொண்டிருக்க, மே மாதத்தில் சிறப்பு ரயில்களே ஓரிரு நாள் நிறுத்தப்பட்டுப் பின்னர் விடப்பட்டன. அதற்குள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கியவர் பலர். போகும் கட்டணத்தை ஒருவர் கொடுத்தார். திரும்பும் கட்டணம் எவர் பொறுப்பிலும் இல்லை.

சட்டம் இதனை அறியாமல் இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் அழைத்துச் செல்லப்படும் தொழிலாளர்க்காக 1979 இல் இயற்றப்பட்ட சட்டம், ஒப்பந்தக்காரர் இரு வழிக்கும் பயணப்படி கொடுக்க வேண்டும் என்றும், பயணம் செய்யும் நாளுக்கும் கூலி உண்டு என்றும் கூறிற்று. அதன் இடத்தில் தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலை பற்றிய 2020 ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆண்டுதோறும் சொந்த ஊர் சென்று திரும்பும் கட்டணத்தை, உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வேலை கொடுப்பவர் மொத்தமாகத் தரவேண்டும் என்று அதுவும் கூறுகிறது. பத்தாண்டு காத்திருந்து பெற்ற கப்பற்கூலியோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றமே. ஆனால் சட்டத்தில் இருப்பதைக் கேட்டுப் பெற வேண்டும். கேட்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். எழுத்தறியாதவர்க்கு எழுத்தறிந்தவர் படித்துச் சொல்வது நம் கடமை. கிர்மிட் தாளில் அன்று கைநாட்டு வைத்தவர்க்கு அதிலிருந்த இரண்டு வரியை எவரேனும் பொறுமையாகப் படித்துக் காட்டியிருந்தால், எத்தனை பேர் கப்பலேறியிருப்பர், எத்தனை பேர் திரும்பியிருப்பர்!

வீட்டளவிலும் நாம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. நம் தாய்மார்கள் அரிசிப் பானைக்குள் ஒரு முடிச்சு வைத்திருப்பார்கள். எந்த நெருக்கடி வந்தாலும் அதை எடுக்கமாட்டார்கள். ஊருக்குப் போகும் காசு என்பார்கள். சாவுச் செய்தி வந்தாலும், தந்தை நோயென்று செய்தி வந்தாலும், கடன் கேட்டு நிற்காமல் உடனே புறப்படுவதற்கு உரிய காசு அது. புதிதாக இந்நகருக்கு வரும் இளைஞர்களுக்கு நாம் சொல்லத்தக்க முதல் அறிவுரை இதுவே: வாடகைக்கு முன், கைபேசிக்கு முன், திரும்பும் கட்டணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். அதைச் செலவழிக்க வேண்டிய நாள் வராமலும் போகலாம். ஆனால் அது கையில் இருக்கும்வரை, நீங்கள் இங்கே தங்கியிருப்பது உங்கள் விருப்பத்தினால்.

நம்முள் பலர் திரும்பப் போவதில்லை. அதில் குறையொன்றும் இல்லை. இந்நகரம் நமக்குச் சோறிட்டது. கன்னட மக்கள் இடம் கொடுத்தனர். அல்சூர் ஏரிக்கரையில் 2009 இல் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலையும் நம்மோடு நிற்கிறது. பீஜித் தமிழர் அங்கே ஊன்றியதைப் போல நாமும் இங்கே ஊன்றியவர்கள். யாப் தீவின் அந்தக் கல்லைச் சற்றே நினைத்துக்கொள்வோம். அது கடலடியில் கிடந்தது. எவரும் தொட்டுப் பார்த்ததில்லை. ஆயினும் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு அதன் அளவைச் சொன்னார்கள். எங்கே மூழ்கியது என்று சொன்னார்கள். கொண்டுவந்தவர் யார் என்று சொன்னார்கள். சொல்லிக்கொண்டிருந்த வரையில் அது அவர்களுடைய செல்வமாகவே இருந்தது. அடுத்த விடுமுறையில், ஜோலார்பேட்டைக்கு ஒரு சீட்டு வாங்கி, நம் பிள்ளைகளை அழைத்துச் சென்று, முப்பாட்டனார் ரயிலேறிய மேடையைக் காட்டுவோம். மேற்கே போன தண்டவாளத்தையும் காட்டுவோம். கிழக்கே போன தண்டவாளத்தையும் காட்டுவோம். அன்று மாலையே திரும்பிவிடலாம். செலவும் மிகுதியில்லை.